காய்ந்தது, காயவைத்தாள்

சித்திரை பிறந்துவிட்டால் இரண்டு விஷயங்கள் தப்பாமல் வரும். ஒன்று, அக்னி நட்சத்திரம் எந்தத் தேதியில் ஆரம்பம் என்ற செய்தி. இன்னொன்று, கோடை விடுமுறை பற்றிய நினைவுக் கட்டுரை. இரண்டாவதை நீங்களும் நூறு தடவை வாசித்திருப்பீர்கள். மொட்டைமாடி, பழைய வேட்டி, அதன்மேல் பாதி காய்ந்த வடாம், காக்காய்க்குக் காவல் இருக்கும் சாக்கில் அதைப் பிய்த்துத் தின்னும் பேரப்பிள்ளைகள், கிணற்றுக் குளியல், நுங்கு, சாயங்காலம் தண்ணீர் தெளித்த வாசலின் மண்வாசம். கடைசிப் பத்தியில் பாட்டி இறந்துபோயிருப்பார். மொட்டைமாடிக் கதவில் பூட்டுத் தொங்கும்.

இந்த வகை எழுத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. நன்றாக எழுதியிருந்தால் கண் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த முறை அப்படி ஒன்றை வாசிக்கும்போது வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுப் பாருங்கள். வடாம் காய்ந்தது. மிளகாய் சிவந்து கிடந்தது. புளி வந்து இறங்கியது. வாசல் நனைந்து மணத்தது. எல்லாம் தானாகவே நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அந்தப் பாடத்தில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் இவை. காயவைத்தது, பரப்பியது, கொட்டை எடுத்தது, தெளித்தது யார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. பாட்டி வருகிறார், ஆனால் சிரிக்கவும் திட்டவும்தான் வருகிறார். அவர் செய்த வேலையெல்லாம் வெயிலின் கணக்கில் போய்விட்டது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார்கள் என்று காட்ட ஒரு கட்டளை உண்டு. அதற்குப் பெயரே ‘பிளேம்’. பழி போடுவதற்கென்று வைத்த பெயர். ஆனால் பெரும்பாலும் நன்றி சொல்லத்தான் பயன்படுகிறது. கோடையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றின் மேல் அந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் என்ன வரும் என்ற யோசனைதான் இந்தக் கட்டுரை.

முதலில் வடாம் என்றால் என்ன வேலை என்று பார்த்துவிடலாம். (மதுரைப் பக்கத்தில் கூழ்வத்தல். பெயர்ச் சண்டைக்கு வேறு நாள் பார்த்துக்கொள்வோம்.) முந்தின நாளே அரிசியோ ஜவ்வரிசியோ ஊறியிருக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் அடுப்பில் ஏற்றிக் கூழாகக் கிளற வேண்டும். கை ஓயக்கூடாது, ஓய்ந்தால் அடிபிடிக்கும். உப்பு, நாக்குக்குச் சரியாக இருக்கும் அளவைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட வேண்டும். தண்ணீர் போன பிறகு உப்பு மட்டும் அப்படியே நிற்கும், வறுத்துத் தின்னும்போதுதான் கரிப்பு தெரியும். பதம் தெரிந்த பெண்கள் கூழை வாயில் வைத்து ‘சப்புன்னு இருக்கு, சரியா இருக்கு’ என்பார்கள். இப்போதைய சுவையை வைத்து இரண்டு நாள் கழித்து வரப்போகும் சுவையைச் சொல்வது அது. ஏறுவெயிலுக்கு முன் நனைத்த வேட்டியை விரித்து அச்சில் பிழிந்தோ கரண்டியால் ஊற்றியோ முடிக்க வேண்டும். பிறகு காவல். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரித்து எடுக்க வேண்டும். மறுநாள் மறுபடியும் வெயிலில் போட வேண்டும். மோர்மிளகாய் இதைவிட நீளம். பகலெல்லாம் காய்ந்த மிளகாயை இரவில் அதே மோரில் போட்டு, காலையில் எடுத்து மீண்டும் காயவைத்து, மோர் முழுக்க வற்றும்வரை இதே சுற்று. எந்த நிரலாளரும் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும் வடிவம் அது: ‘தீரும்வரை செய்.’ வெளியேறும் நிபந்தனை மோர் கையில் இருக்கிறது, செய்கிறவள் கையில் இல்லை.

இதில் வெயில் எங்கே இருக்கிறது? எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனால் மனநிலையாக இல்லை. எரிபொருளாக இருக்கிறது. வானிலைத் துறைக்கு அக்னி நட்சத்திரம் என்று ஒன்று கிடையாது. அது பஞ்சாங்கத்தின் கணக்கு, சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் நாட்கள், ஏறக்குறைய மே முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை. துறைக்கு வெப்ப அலைதான் உண்டு: சமவெளியில் அதிகபட்ச வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 பாகையாவது கூடியிருக்க வேண்டும். வடாம் இடுகிறவளுக்கு இந்த இரண்டு கணக்கும் போதாது. அவளுக்கு வேண்டியது சூடு மட்டும் இல்லை, காற்றில் ஈரம் இல்லாமை. சென்னையில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் உடம்புக்குச் சுகம், வடாமுக்குப் பிசுபிசுப்பு. மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமானால் ஊரே வெந்துபோகும், வடாம் மட்டும் ஒரே நாளில் காயும். ஊர் சபிக்கும் அதே பகலை நல்ல பகல் என்று ஒருத்தி சொல்கிறாள் என்றால், அந்த இடத்தில் இலக்கியத்துக்கு ஏதோ கிடைக்கிறது. ‘சுட்டெரிக்கும் வெயில்’ என்று எழுதுகிறவர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்.

*

நமக்குப் பருவங்களை எழுதக் கற்றுக்கொடுத்தது சங்கக் கவிதை. சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரிய பொழுதுகள். பாலையென்றால் பிரிவு. இந்தச் சமன்பாடு நம் ரத்தத்தில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்றால், இன்று முகநூலில் எழுதப்படும் வெயில் கவிதையிலும் யாரோ ஒருவர் யாரையோ விட்டுப் போயிருப்பார்.

ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், ஓதலாந்தையார் பாடியவற்றில், ‘இளவேனிற் பத்து’ என்று ஒரு பத்து இருக்கிறது. பத்துப் பாடல்களும் ஒரே முறையீட்டில் தொடங்குகின்றன: வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை, வருவதாகச் சொன்ன காலம் மட்டும் வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு பாடலும் காலம் வந்ததற்கான ஒரு சாட்சியைச் சொல்கிறது. குயில், புதுப்பூ, தளிர். அற்புதமான கட்டுமானம்தான். திரும்பத் திரும்ப ஒரே வரியில் தொடங்கும்போது, தினமும் காலையில் எழுந்து அதே ஏமாற்றத்தைப் பார்க்கும் உணர்வு வந்துவிடுகிறது. ஆனால் இங்கே பருவம் ஒரு கடிகாரம். அவன் சொன்ன கெடு தாண்டிவிட்டது என்று காட்ட மட்டுமே மரம் பூக்கிறது. அந்த இரண்டு மாதமும் அவள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று பத்துப் பாட்டும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதில்லை என்பது அகத்திணையின் விதி, அது எனக்கும் தெரியும். விதி இரண்டாயிரம் வருடம் கழித்தும் பழக்கமாக நீடிப்பதுதான் என் பிரச்சினை.

ஆனால் சங்கப் பாட்டு என்றால் அகம் மட்டும் இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெயரில் இரண்டு நெடும்பாட்டுகள் பத்துப்பாட்டில் இருக்கின்றன: பட்டினப்பாலை, பெரும்பாணாற்றுப்படை. இரண்டிலும் ஆளுக்கொரு முற்றம் வருகிறது. அடுத்தடுத்து வைத்து வாசித்தால் ஒரே ஆள் எழுதியதா என்று கேட்கத் தோன்றும்.

பட்டினப்பாலையின் முற்றம் புகழ்பெற்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் அகன்ற முற்றம், அங்கே தானியம் காய்கிறது, கோழி வந்து கொத்துகிறது. காவலிருக்கும் பெண் காதிலிருந்த கனமான குழையைக் கழற்றி எறிகிறாள். அது போய் விழுந்து, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சின்னத் தேரின் வழியை மறிக்கிறது. எந்தத் தமிழாசிரியரும் இதைச் சொல்லும்போது செல்வச் செழிப்பு என்பார். சரிதான். பாட்டு கேட்பதும் அதைத்தான். கல்லை எடுத்து எறிய வேண்டிய இடத்தில் தங்கத்தை எறிகிற ஊர். ஆனால் அந்த ஜொலிப்பை ஒரு நிமிடம் தள்ளிவைத்துப் பாருங்கள். தானியத்துக்குக் காவல் இருந்தாக வேண்டும் என்பது எவ்வளவு செல்வம் வந்தாலும் மாறவில்லை. மறுபடி வினையைக் கவனியுங்கள். அந்த இடத்தில் கவி எடுத்திருப்பது ‘உணங்கு’ என்ற தன்வினை. பழந்தமிழில் ‘உணக்கு’ என்ற பிறவினை இருந்தது. கொண்டுவந்து பரப்பியது யார் என்று சொல்லாமலே தானியம் அங்கே காய்கிறது.

பெரும்பாணாற்றுப்படையின் முற்றம் எயினர் குடியிருப்பில் இருக்கிறது. பாலை வழியில் ஈந்திலை வேய்ந்த குடிசை. பிள்ளை பெற்றவள் மட்டும் மான்தோலில் குழந்தையோடு முடங்கிக் கிடக்கிறாள். மற்றப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். (சங்க இலக்கியத்தில் பேறுகால விடுப்பு உண்டா என்று யாராவது கேட்டால் இந்த இடத்தைக் காட்டலாம்.) இரும்பு முனை வைத்த கோலால் கரம்பை மண்ணைக் கிண்டுகிறார்கள். உடம்பெல்லாம் புழுதி படிகிறது. எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை எடுத்து வருகிறார்கள். வீட்டு முன்றிலில் விளாமரம். அதில் வேட்டைக்குப் பழக்கிய பார்வை மானைக் கட்டிக் கட்டி, கயிறு உரசி அடிமரத்தில் பட்டை தேய்ந்திருக்கிறது. அந்த மரத்து நிழலில் நிலத்திலேயே தோண்டிய உரலில் அரிசியைப் போட்டு உலக்கையால் குத்துகிறார்கள். ஆழக் கிணற்றில் கொஞ்சமாக ஊறும் உவர்நீரை எடுத்து, வாய் உடைந்த பானையில் ஊற்றி, உடைந்த அடுப்பில் ஏற்றுகிறார்கள்.

பட்டை தேய்ந்த மரத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். வெயில் சுட்டது என்று எழுத ஒரு வரி போதும். கயிறு மரத்தைத் தேய்த்தது என்று எழுத, அந்த முற்றத்தில் யாரோ தினமும் ஒரே வேலையைச் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். இங்கே வினைகள் அத்தனையும் ஆள் வைத்த வினைகள். கிண்டி, போட்டு, ஓங்கி, தோண்டி, ஏற்றி. ஒன்றுகூடத் தானாக நடக்கவில்லை. ஒரே புலவர்தான். துறைமுகத்து முற்றத்தில் தானியம் தானாகக் காய்கிறது, வறண்ட நிலத்து முற்றத்தில் ஆள் உழைக்கிறாள். செல்வம் கூடக் கூட வாக்கியத்திலிருந்து எழுவாய் கழன்றுகொள்ளும் என்று அவர் ஒரு கொள்கை வைத்திருந்தாரா என்ன? இல்லைதான். ஆனால் நம் நினைவுக் கட்டுரைகள் பட்டினப்பாலை முற்றத்தின் வாரிசுகள், மற்றதன் வாரிசுகள் அல்ல என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

‘முன்றில்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இல்லத்தின் முன் என்பது இல்முன் என்று இருக்க வேண்டும். அது திரும்பி முன்றில் ஆகிவிட்டது. இலக்கணப் போலிக்கு ஒரு மதிப்பெண் எடுத்துக்காட்டாக மனப்பாடம் செய்து மறந்த சொல். வீட்டைப் பின்னுக்குத் தள்ளி ‘முன்’ முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது. முற்றத்தில் உட்கார்ந்து புளி உடைக்கும் பெண்களைப் பார்த்தால் அது போலி என்று சொல்ல மனம் வராது. கோடையில் வீட்டின் நிஜமான அறை அதுதான்.

*

முற்றத்து வேலைக்குக் கணக்கு எழுதியவர் யாராவது உண்டா என்று தேடினால், ஆச்சரியமாக, அமெரிக்காவில் ஒருவர் மாட்டுகிறார். ஹென்றி டேவிட் தோரோ. 1854இல் வெளியான ‘வால்டன்’ நூலில் பீன்ஸ் தோட்டத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மாசசூசெட்ஸின் கான்கார்டில், குளத்தங்கரைக் குடிலை ஒட்டிய நிலத்தில் இரண்டரை ஏக்கர் போட்டார், பெரும்பகுதி பீன்ஸ். வரிசைகளை நீட்டி வைத்தால் ஏழு மைல் வரும் என்று அவரே கணக்குச் சொல்கிறார். கோடையின் தொடக்கத்தில் விடிகாலைப் பனியில் வெறுங்காலோடு களை கொத்துகிறார். பொழுது ஏறினால் மணல் காலைப் பொசுக்கிவிடும். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, இவ்வளவு தாமதமாகவா பீன்ஸ் போடுவது என்று விமர்சனம் செய்துவிட்டுப் போகிறார்கள். மர்மாட் வகை எலிப் பிராணி கால் ஏக்கரைத் தின்றுவிடுகிறது. வெயிலும் வேலையும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கும் எழுத்து இது. எழுவாய் விலகுவதே இல்லை. எல்லா வாக்கியத்திலும் ‘நான்’ நிமிர்ந்து நிற்கிறது.

அத்தியாயத்தின் முடிவில் வரவு செலவு. செலவு 14 டாலர் 72½ சென்ட், வரவு 23 டாலர் 44 சென்ட், மிச்சம் 8 டாலர் 71½ சென்ட். அரை சென்ட்டை விடாத ஆள். செலவுப் பட்டியலை நான் ஒரு கவிதையைப் போல வாசிப்பேன். மண்வெட்டி 54 சென்ட். காக்கை விரட்டக் கட்டிய வெள்ளை நூல் 2 சென்ட். நம்மூர் வடாமுக்குப் பக்கத்தில் விரித்து வைக்கும் கறுப்புக் குடையின் அமெரிக்க உறவினர் அந்த நூல். உழவுக்கும் பரம்படிக்கவும் சால் போடவும் 7 டாலர் 50 சென்ட். மொத்தச் செலவில் பாதிக்கு மேல். அதற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு குறிப்பு: கூடுதல்.

இன்னும் ஒரு வரி இருக்கிறது. குதிரையில் பூட்டிய களைக்கருவியும் ஒரு பையனும், மூன்று மணி நேரம், 1 டாலர். பையனுக்குப் பெயர் இல்லை. அந்த டாலரில் அவனுக்கு எவ்வளவு, குதிரைக்கு எவ்வளவு என்றும் இல்லை. உழைப்பைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுக்கும் நூலில், அடுத்தவர் உழைப்பு செலவுப் பத்தியில் ஏறியிருக்கிறது, ஒரு முறை கூடுதல் என்ற முனகலோடு. தோரோவைக் கவிழ்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் கணக்கு எழுதினார் என்பதால்தான் அந்தப் பையனே நமக்குக் கிடைத்தான். நினைவுக் கட்டுரைகளில் அந்த ஒரு வரிகூடக் கிடைக்காது.

அந்த மூன்று மணி நேரப் பையனை எழுவாயாக வைத்து ஒரு நாவல் எழுதினால்? பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) எனக்கு அப்படித்தான் படுகிறது. கொங்கு நாட்டின் மேட்டுக்காடு, கவுண்டர் வீட்டில் ஆண்டுக் கூலிக்கு விடப்பட்ட சக்கிலியச் சிறுவன் கூளையன், அவனைப் போலவே வேறு வீடுகளில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகள், ஆடுகள், பனைகள், கிணறுகள். வெயில் முழுவதும் அவர்கள் தலையில்தான். ஆனால் நாவல் வெயிலைக் கொடுமையின் பின்னணி இசையாக வாசிப்பதில்லை. எந்த நேரத்தில் ஆடு நிழலுக்கு ஒதுங்கும், எப்போது தண்ணீர் காட்ட வேண்டும், எந்த நேரத்தில் கண் அசந்தால் ஆடு பக்கத்துக் காட்டில் வாய் வைக்கும் என்று வேலையின் வழியாகவே பகல் நகர்கிறது. அதே பகலுக்குள் நீச்சலும் விளையாட்டும் திருட்டுத் தீனியும் இருக்கின்றன. சந்தோஷம் உண்மையான சந்தோஷம், அடி உண்மையான அடி. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிப்பதில்லை. கிணற்றுக் குளியலைப் பற்றி நம் நினைவோடைகள் எழுதியவை எல்லாம் விடுமுறைக்கு வந்த பேரனின் குளியல். இங்கே குளிக்கிறவனுக்கு விடுமுறை என்ற ஒன்றே இல்லை. அவன் கரையேறியதும் ஆட்டை எண்ண வேண்டும்.

இந்த நாவல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2004இல் ஆங்கிலத்தில் வந்தபோது தலைப்பு ‘சீசன்ஸ் ஆஃப் த பாம்’ ஆயிற்று. பனையின் பருவங்கள். மொழிபெயர்ப்பைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. ‘கூளமாதாரி’ என்ற தலைப்பை ஆங்கிலத்தில் சொல்ல முடியாது என்பதும் புரிகிறது. குட்டையன் என்ற கேலியும் சாதிப் பெயரும் ஒட்டிக்கொண்ட ஒரு அழைப்பு அது. அதைத் தலைப்பில் வைத்ததே ஒரு அரசியல். ஆனாலும் அட்டையைப் பார்க்கும்போது உறுத்துகிறது. தமிழில் பையன் நின்ற இடத்தில் ஆங்கிலத்தில் மரமும் பருவமும் நிற்கின்றன. இயற்கை எழுத்து என்ற வகைக்குள் ஒரு நூலை அனுப்பும்போது முதலில் கழற்றப்படுவது ஆளின் பெயர்தானோ என்று சந்தேகம் வருகிறது.

இதே ஆசிரியரின் முதல் நாவல் ‘ஏறுவெயில்’ (1991). குடியிருப்புக்காக நிலம் கைமாறிப்போன ஒரு குடும்பத்தின் கதைக்கு, காலையில் மேலேறும் வெயிலின் பெயர். அந்த வெயிலுக்குள் செய்ய வேண்டிய காட்டு வேலை இல்லாமல் போனவர்களுக்கு அது வெறும் சூடாகத் தங்கிவிடுகிறது. தலைப்பு ஒரு வேலை நேரத்தின் பெயர் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

பூமணியின் ‘வெக்கை’ (1982) வேறு வழியில் போகிறது. வெயில் வேறு, வெக்கை வேறு. வெயில் மேலிருந்து வருவது. வெக்கை, சூரியன் இறங்கிய பிறகும் மண்ணும் சுவரும் திருப்பிக் கொடுப்பது. கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவன் அப்பாவும் கரிசலில் ஒளிந்து திரியும் நாட்கள்தான் நாவல். ‘அசுரன்’ படத்தை (2019) மட்டும் பார்த்தவர்களுக்கு நாவல் அதிர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் அதில் பெரும்பாலும் எங்கே ஒதுங்கலாம், எங்கே தண்ணீர், எதை வைத்துச் சோறாக்கலாம் என்பதே பேச்சு. துரத்தப்படுகிறவர்களுக்குக்கூட முதல் வேலை அடுப்பு மூட்டுவதுதான். முற்றம் இல்லாமல் போனவர்கள், போகிற இடத்திலெல்லாம் நாலு கல்லை வைத்து ஒரு முற்றம் செய்துகொள்கிறார்கள். அங்கே அப்பாவும் மகனும் ஆக்குகிறார்கள் என்பதால் அது சாகசமாகத் தெரிகிறது. இதே வேலையை வருடம் முழுக்க வீட்டில் அம்மா செய்யும்போது எந்த நாவலுக்கும் அது அத்தியாயமாகத் தோன்றுவதில்லை.

இலக்கியம் என்ன வருகைப்பதிவேடா, எல்லா வேலைக்கும் பெயர் எழுதிக்கொண்டிருக்க, என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. செய்முறையை நுணுக்கமாக அடுக்கினால் நாவல் ஆகிவிடாது. அப்படி அடுக்கி நூறு பக்கம் வீணாக்கிய வட்டார நாவல்கள் நம்மிடம் இருக்கின்றன, நெல்லின் இருபது பெயர் தெரியும், நட்டவளின் ஒரு நினைப்பு தெரியாது. நான் கேட்பது பட்டியலை அல்ல. ஒரு பகலை எழுதும்போது, அந்தப் பகலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கவலைப்படும் ஒரு தலையை. இன்றைக்கு மேகம் போட்டிருக்கிறதே, கூழ் கிளறலாமா வேண்டாமா என்ற தயக்கத்தில் இருக்கும் பரபரப்பு, எந்தத் துப்பறியும் கதைக்கும் குறைந்தது இல்லை.

அந்தத் தலையும் அந்தத் தயக்கமும் எனக்கு முழுதாகக் கிடைத்தது சு. தமிழ்ச்செல்வியின் ‘அளம்’ நாவலில். வேதாரண்யம் பக்கத்து உப்பள நிலம். உப்பளத்தை ஊர் அளவுக்குப் பெரிய முற்றம் என்று சொல்லலாம். பாத்தி கட்டி உவர்நீரைத் தேக்கி, வெயில் தண்ணீரைக் கொண்டுபோன பிறகு மிஞ்சுவதை வாரிக் குவிக்க வேண்டும். வடாமின் அதே இயற்பியல். கோடை உக்கிரமாக உக்கிரமாக உப்பு நன்றாக விளையும், வாருகிறவளின் காலும் கண்ணும் அதே அளவுக்குக் கெடும். கோடை மழை ஒன்று வந்தால் ஊரே குளிர்ந்துபோகும், விளைந்து நிற்கும் உப்பு கரைந்துபோகும்.

வேதாரண்யம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1930. ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் நூறு பேரளவில் திருச்சியிலிருந்து கிளம்பி, மாதக் கடைசியில் கடற்கரையில் உப்பு எடுத்தார்கள். சரியான இளவேனில். வரலாறு நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு கைப்பிடியை. அதை எடுத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கும். ‘அளம்’ அந்த நிலத்தில் தினமும் வேலைக்குப் போகும் பெண்களின் நாவல்.

சுந்தராம்பாளின் கணவன் கடல் கடந்து பிழைக்கப் போனவன், திரும்பி வரவில்லை. மூன்று பெண்பிள்ளைகளோடு அவள் தனியாக நிற்கிறாள். இளவேனிற் பத்தின் முதல் வரி அப்படியே பொருந்துகிற இடம் இது. சொன்னவன் வரவில்லை, காலம் வந்துவிட்டது. ஓதலாந்தையாரின் தலைவிக்கு அந்த வரியோடு பாட்டு தொடங்குகிறது, பிறகு குயிலும் தளிரும் பேசிக்கொள்ளும். சுந்தராம்பாளுக்குக் காலம் வந்துவிட்டது என்றால் பாத்திக்குப் போகும் காலம் வந்துவிட்டது என்று பொருள். பிரிவு இல்லாமல் இல்லை. நாவல் முழுக்க அது இருக்கிறது, வருவான் என்ற எதிர்பார்ப்பாக, பிறகு அதைப் பற்றிப் பேசாமல் இருக்கும் பழக்கமாக. ஆனால் தமிழ்ச்செல்வி அதை வெயிலின் மேல் ஏற்றிச் சொல்வதே இல்லை. வெயில் அங்கே வெயிலாக மட்டும் இருக்கிறது, உப்பு விளைகிறதா இல்லையா என்ற கேள்வியோடு. மொழியில் அலங்காரம் குறைவு, சில இடங்களில் தட்டையாகக்கூட ஓடுகிறது. அது வெளியானபோது அந்தத் தட்டையைக் குறையாகச் சொன்னவர்கள் இருந்திருக்கலாம். எனக்கு அது, வேலை நடக்கும்போது பேச்சுக் குறைவதைப் போல இருக்கிறது.

நாவலை இரண்டாம் முறை வாசித்தபோது பழைய பழக்கத்தில் வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பறித்தாள், தோண்டினாள், சுமந்தாள், வாரினாள், அவித்தாள், பங்கு வைத்தாள். நாற்பது ஐம்பது பக்கத்தில் பென்சில் மழுங்கிவிட்டது, எழுந்துபோய்ச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.